ஏப்ரல் 23: பட்டியல் தொகுக்கும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

‘வரலாற்றில் இன்று’ பக்கத்தின் உச்சியில், ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸும் 1616-இல் ஒரே நாளில் மறைந்தார்கள் என்று போட்டிருக்கிறாய். அதை எடுத்துவிடு. ஸ்பெயின் 1582-லேயே, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 செப்டம்பர் வரை பழைய ஜூலியன் நாள்காட்டியை விடவில்லை. ஷேக்ஸ்பியர் இறந்த ஏப்ரல் 23, ஸ்பெயின் கணக்கில் மே 3. செர்வாண்டிஸோ 22-ஆம் தேதியே இறந்தவர். 23 அவரை அடக்கம் செய்த நாள். யுனெஸ்கோ 1995-இல் ஏப்ரல் 23-ஐ உலகப் புத்தக நாளாக அறிவித்த பிறகு இந்தப் பிழை இன்னும் ஆழமாக வேரூன்றிவிட்டது. புத்தக நாளைத் தாராளமாகப் போடு.

ஷேக்ஸ்பியர் பிறந்த நாளும் இதே தேதி என்பது மரபு மட்டுமே. தேவாலயப் பதிவேட்டில் இருப்பது 1564 ஏப்ரல் 26 ஞானஸ்நானம்தான். ‘மரபுப்படி’ என்ற சொல்லைச் சேர்த்தால் போதும்.

ஜூலியன் தேதியைக் கிரிகோரியனுக்கு மாற்ற, 1700 பிப்ரவரி வரை 10 நாள் கூட்டு. அடுத்து 1800 பிப்ரவரி வரை 11, 1900 பிப்ரவரி வரை 12, அதற்குப் பிறகு 13. 1700, 1800, 1900 மூன்றும் ஜூலியனில் லீப் ஆண்டுகள், கிரிகோரியனில் இல்லை. ஒவ்வொரு முறையும் இடைவெளி ஒரு நாள் கூடுவது அதனால்தான். கூட்டுவதற்கு முன், கையிலிருக்கும் நூல் ஏற்கெனவே மாற்றிய தேதியைத் தந்திருக்கிறதா என்று பார். இரண்டு முறை கூட்டிவிடுவதுதான் அடிக்கடி நடக்கிற கூத்து.

எழுத்தாளர் நபக்கோவை எடுத்துக்கொள். அப்போதும் ஜூலியனை விடாத ரஷ்யாவில் 1899 ஏப்ரல் 10 அன்று பிறந்தார். 12 கூட்டினால் 22. ஆனால் 1900-க்குப் பிறகு இடைவெளி 13 ஆனதால், அதே பழைய ஏப்ரல் 10 புதிய கணக்கில் 23-இல் வந்து விழுந்தது. அவரும் 23-இல்தான் பிறந்தநாள் கொண்டாடினார். உன் பட்டியலில் இருக்கும் பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நீக்காதே, ‘பிறப்பு 22, கொண்டாடியது 23’ என்று எழுது.

மாக்ஸ் பிளாங்க் (1858), எஸ். ஜானகி (1938) பிறப்புகளிலும், வேர்ட்ஸ்வொர்த் (1850), சத்யஜித் ராய் (1992) மறைவுகளிலும் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அப்படியே விடு.

யூடியூபில் முதல் காணொளி ஏறியது 2005 ஏப்ரல் 23 என்று போட்டிருக்கிறாய். கலிபோர்னியாவில் அது இரவு நேரம். உலகப் பொது நேரப்படி 24 பிறந்துவிட்டது. நிகழ்வு நடந்த இடத்தின் தேதியையே வை, பக்கத்தில் இடத்தின் பெயரையும் போடு. நபக்கோவைத் தவிர, பக்கம் முழுக்க இதே விதிதான். ஷேக்ஸ்பியருக்கும் அப்படியே, ‘இங்கிலாந்து, ஜூலியன்’ என்று.

ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான பக்கங்களைத் தொடும்போது ஆண்டையும் சோதி. 1752-க்கு முன் இங்கிலாந்திலும் அதன் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. ஜார்ஜ் வாஷிங்டன் பிறப்பு பழைய ஏட்டில் 1731 பிப்ரவரி 11, இன்றைய கணக்கில் 1732 பிப்ரவரி 22.

அன்புடன்,
அண்ணன்