போனைப் பிடுங்காமல் நின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

கோபியில் ஞாயிறுதோறும் நடந்த எங்கள் செல்போன் வகுப்பின் முதல் சுற்று தை மாதத்தோடு முடிந்தது. அறிவுசார் குறைபாடு உள்ள, 18 வயது தாண்டிய பிள்ளைகளுக்கான வகுப்பு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 வயதிலிருந்து 18 வயது வரை இலவசக் கல்வி என்கிறது. அதற்கப்புறம் பள்ளி வேன் வராது, டிவியும் திண்ணையும்தான். அந்தத் திண்ணையிலிருந்து எங்கள் பிள்ளைகளைக் கிளப்பிவிட்டவர்களுக்குப் பெற்றோர் எல்லோர் சார்பாகவும் இதை எழுதுகிறேன். பேர் போட வேண்டாம் என்று எல்லோருமே சொல்லிவிட்டதால் ஆளைச் சொல்லாமல் வேலையைச் சொல்கிறேன்.

முதலில் எங்கள் டீச்சர். பிள்ளைகளுக்கு எந்த வேலையையும் கடைசிப் படியிலிருந்து சொல்லிக்கொடுத்தார். பணம் செலுத்துவது என்றால், ஸ்கேன் செய்வது, தொகை போடுவது எல்லாவற்றையும் அவரே முடித்துவிட்டு, கடைசியாக அழுத்த வேண்டிய பட்டனை மட்டும் பிள்ளைக்கு விடுவார். அது கைவந்த பிறகு தொகை போடுவதும் பிள்ளையின் வேலை. அடுத்து ஸ்கேன். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்ததால், ஒவ்வொரு தடவையும் வேலையை முடித்தவர் பிள்ளையாகவே இருந்தார். முதல் படியிலேயே தடுமாறி, போனை வைத்துவிட்டு எழுந்து போவது நின்றது. அம்மாக்களை வகுப்புக்குள் விடவே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் உள்ளே இருந்திருந்தால் எங்கள் கை சும்மா இருந்திருக்காது.

போன்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம்பியூர்ப் பக்கத்து அண்ணன், அக்காமார் கொடுத்தவை. பழைய போன்கள், சிலவற்றின் பேட்டரி உப்பிப்போய் இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் கடை வைத்திருக்கும் தம்பி அவற்றைச் சரிசெய்தது பெரிதில்லை. எல்லாப் போனிலும் ஒரே நாலு செயலிகளை ஒரே இடத்தில் வைத்து, மற்றதை மறைத்து, தானாக அப்டேட் ஆவதையும் நிறுத்திக் கொடுத்தார். படம் ஒரு வரிசை தள்ளிப் போனாலே எங்கள் பிள்ளைகளுக்குக் கற்றது கலைந்துவிடும். சிலர் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருப்பார்கள். உடனே வேறு ஏதாவது திறந்துகொள்ளும். அமைப்புகளில் போய்த் தொட்டுப் பிடிக்கும் நேரத்தைக் கூட்டிவைத்தால் அந்தத் தொல்லை குறையும் என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். காசு கேட்டால் "அட, இருக்கட்டுங்கக்கா" என்பதோடு சரி.

அப்புறம் பேக்கரி. இந்த மடலே அதற்காகத்தான் என்றாலும் தவறில்லை. சத்தி ரோட்டில் இருக்கும் அந்த பேக்கரியில்தான் பிள்ளைகள் நிஜப் பணத்தில் பழகினார்கள். 2024இல் வந்த யுபிஐ சர்க்கிள் என்ற வசதியில் பிள்ளைக்குச் சொந்தமாக வங்கிக் கணக்கு இல்லாவிட்டாலும் அப்பாவின் கணக்கிலிருந்து செலுத்தலாம். பிள்ளை ஸ்கேன் செய்து தொகை போட்டதும் அப்பாவின் போனுக்குக் கேள்வி போகும். அவர் பின் எண்ணைப் போட்டால்தான் பணம் நகரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்நேரம் அப்பா தோட்டத்தில் மஞ்சளுக்குத் தண்ணி கட்டிக்கொண்டிருந்தால்? தேங்காய் பன்னும் கையுமாகப் பிள்ளை நிற்க, பின்னால் டீ குடிக்க வந்த கூட்டம் நிற்கும். ஒரு நாள் ஒருவர் பொறுக்காமல், "குடு கண்ணு, நான் காசு குடுத்தர்றேன்" என்று பையை எடுத்தார். கடைக்கார அண்ணன், "விடுங்கண்ணா, அவனே பண்ணிக்குவான்" என்று சொல்லிவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கல்லாப்பெட்டி மேலிருந்த ஸ்பீக்கர் "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று சத்தமாகச் சொன்னது. அந்தப் பையன் கைதட்டினான். டீ குடிக்க வந்தவர்களில் இரண்டு பேரும் தட்டினார்கள். காத்திருந்த உங்கள் யார் பேரும் எங்களுக்குத் தெரியாது. டீக்காக நின்றவர்களுக்கு ரொம்ப நன்றிங்க.

பொறியியல் கல்லூரி மாணவர்கள் செய்தது குறும்பான வேலை. "பேங்கிலிருந்து பேசறோம், ஓடிபி சொல்லுங்க" என்று வேறு வேறு நம்பரிலிருந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டே இருந்தார்கள். "அம்மாவைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும், அதுதான் பாடம். பாடம் நன்றாகவே ஏறியது. வங்கியில் வேலை பார்க்கும் சொந்த மாமா பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டபோதும் ஒரு அம்மிணி அதையே சொல்லி கட் பண்ணிவிட்டாள். மாமாவிடமும் இங்கேயே சேர்த்து ஒரு வார்த்தை: கோவிச்சுக்காதீங்க. பண மோசடி நடந்துவிட்டால் அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணை எல்லாப் போனின் முதுகிலும் ஒட்டிக் கொடுத்ததும் அந்த மாணவர்கள்தான்.

"பிள்ளையின் கையெழுத்து ஒரே மாதிரி இல்லை" என்று ஒரு வங்கிக் கிளையில் எங்களில் ஒருவரைத் திருப்பி அனுப்பினார்கள். வேறொரு கிளையின் அதிகாரி அம்மா உட்காரவைத்து விளக்கினார்: பிள்ளைக்கு 18 ஆகிவிட்டால் பெற்றவர்கள் தானாகவே பாதுகாவலர் ஆகிவிட முடியாது, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழுவில் சான்றிதழ் வாங்க வேண்டும். பாதிப் பேருக்கு இது அன்றுவரை தெரியாது. இப்போது விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.

மண்டபத்தை வாடகை இல்லாமல் கொடுத்தவர்களுக்கும், மதியச் சாப்பாடு போட்டவர்களுக்கும், இறங்கும் இடம் வந்ததும் "சாமி, வாய்ஸ் அனுப்பிட்டயா?" என்று கேட்ட டவுன் பஸ் கண்டக்டர்களுக்கும் நன்றி.

சித்திரையில் இரண்டாம் சுற்று தொடங்குகிறோம். போன் கொடுக்க நினைப்பவர்கள் அதன் சார்ஜரையும் தேடி எடுத்துக் கொடுத்தால் நல்லது. போன தடவை வந்த சார்ஜர்களில் பாதி எந்தப் போனுக்கும் சேரவில்லை.

இப்படிக்கு,
பிள்ளைகளின் பெற்றோர் சார்பாக ஒரு அம்மா,
கோபிசெட்டிபாளையம்