பேலா ஃப்ளெக் அவர்களுக்கு: ஒரு மெதுவான ஆல்பம் வேண்டி

அன்புள்ள பேலா ஃப்ளெக் அவர்களுக்கு,

1995இல் வந்த உங்கள் 'டேல்ஸ் ஃப்ரம் தி அக்கூஸ்டிக் பிளானெட்' ஆல்பத்தை நேற்று ராத்திரி மறுபடியும் முழுசாகக் கேட்டேன். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை எப்போதோ விட்டாயிற்று.

உங்கள் கையில் இருக்கும் அமெரிக்கத் தந்தி வாத்தியமான பாஞ்சோ என்றதும் எல்லோரும் வேகத்தைத்தான் சொல்வார்கள். பாஞ்சோ மேதை எர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல்களில் பொழிந்த மழை அப்படி. அந்த வேகம் உங்களுக்கும் கைவந்த கலைதான். ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைப்பவை இந்த ஆல்பத்தின் மெதுவான இடங்கள்.

வீணையின் குதிரை, அதாவது தந்திகளைத் தாங்கும் கட்டை, மரத்தின்மேல் நிற்கிறது. பாஞ்சோவின் குதிரைக்குக் கீழே பறைபோல இழுத்துக் கட்டிய பரப்பு. மீட்டியதும் நாதம் பளிச்சென்று எழும், எழுந்த கையோடு அடங்கியும் விடும். இழுத்து கமகம் கொடுக்க மிச்சம் இருக்காது. அதனால்தான் மற்றவர்கள் அடுத்தடுத்த சுரங்களால் இடைவெளியை அடைக்கிறார்கள். நீங்களோ ஒன்றை மீட்டிவிட்டுச் சும்மா இருக்கிறீர்கள். அது தேயும் இடத்தில் ஓர் ஊதுகருவியோ, வில் போட்ட பாஸோ வந்து கையில் வாங்கிக்கொள்கிறது. எனக்கு அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது.

இந்த ஆல்பத்தில் உங்களோடு வாசித்தவர்கள் எப்பேர்ப்பட்ட ஆட்கள்! ஜாஸ் பக்கம் சிக் கொரியாவின் பியானோ, பிரான்ஃபோர்ட் மார்சாலிஸின் சாக்ஸஃபோன். அமெரிக்க நாட்டுப்புறத் தந்தி இசையான புளூகிராஸ் பக்கம் சாம் புஷ், ஜெர்ரி டக்ளஸ், டோனி ரைஸின் கிதார். நாட்டுப்புற மெட்டுகளின் வாசனை எல்லாவற்றிலும் அடிக்கிறது. அவரவர் பேச்சுவழக்கில்தான் பேசுகிறார்கள், ஆனாலும் ஒரே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போலத்தான் கேட்கிறது.

2020 கிறிஸ்துமஸ் அன்று டோனி ரைஸ் மறைந்தார். ஏழு வாரம்கூட ஆகவில்லை, சிக் கொரியாவும் போய்விட்டார். 2024 டிசம்பரில் ஜாகிர் ஹுசைன். 'அஸ் வீ ஸ்பீக்' ஆல்பத்தில் உங்கள் பாஞ்சோவோடு அவர் தபலா பேசியதைக் கேட்டு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கூட வாசித்தவர்களை இப்படி வரிசையாக இழப்பது எவ்வளவு பெரிய துக்கம்! உங்களை நினைத்து மனசு கனத்துப்போனது.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். முழுக்க முழுக்க மெதுவான ஆல்பம் ஒன்று தாருங்கள். பெரிய பட்டாளம் வேண்டாம், தனியாக வாசித்தாலும் போதும். பாஞ்சோவின் கழுத்தில் பாதி வழியில் தொடங்கும் குட்டைத் தந்தி, உங்கள் கட்டைவிரல் சுருதிபோலத் திரும்பத் திரும்பத் தொடும் அந்த ஐந்தாவது தந்தி, ஒரே ஒரு தடவை ஒலித்து முழுசாக அடங்கும்வரை நான் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ரசிகை