நூலகத்துல லுவாவுக்கும் ஒரு இடம் வேணும்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்ங்க. நான் திருமங்கலம், காலேஜ் ரெண்டாம் வருசம். எங்க ஊர்ல கோடிங்னாலே பைத்தான், ஜாவா ரெண்டுதான், எந்த சென்டர்ல கேட்டாலும் அதான் சொல்றாங்க, நான் லுவாங்கிற கோடிங் மொழி படிக்கிறேன்னு சொன்னா அது எதுக்கும்மான்னு கேக்குறாங்க.

லுவா 1993ல பிரேசில்ல ரியோ டி ஜெனீரோ யுனிவர்சிட்டி ஒண்ணுல உருவானது, போர்ச்சுகீஸ்ல நிலான்னு அர்த்தம். ரொம்ப சின்ன மொழி. தகவல அடுக்கி வைக்க லிஸ்ட், டிக்ஷனரின்னு தனித்தனியா கிடையாது, டேபிள்னு ஒண்ணே ஒண்ணுதான், எண்ணிக்கையும் நம்ம எண்றமாதிரி 1லருந்து ஆரம்பிக்குது. நம்ம தம்பி தங்கச்சிக விளையாடுற ரோப்லாக்ஸ் கேம் எழுதுற மொழியே இதுலருந்து வந்ததுதான்.

ஆனா ஆரம்பத்துல ரொம்ப திணறிட்டேன். லுவா சைட்ல சோர்ஸ் கோடுதான் தர்றாங்க, நேரா இன்ஸ்டால் பண்ற ஃபைல் இல்ல, விண்டோஸ்ல எப்படி போடுறதுன்னு தெரியாம ரெண்டு நாள் போச்சு, அப்பறம்தான் அதே சைட்ல டெமோ பக்கம் இருக்கிறத பாத்து போன்லயே ஓட்டிப் பாத்தேன். இன்னொண்ணு, வேரியபிள், அதான் ஒரு மதிப்புக்கு நம்ம வைக்கிற பேரு, அதுல ஒரு எழுத்து மாறுனாகூட எரர் காட்டாம nil, அதாவது ஒண்ணுமில்லன்னு குடுத்துட்டு போயிரும், அத கண்டுபிடிக்கவே ஒரு ராத்திரி ஆச்சு. பக்கத்துல விசயம் தெரிஞ்ச ஒரு அக்காவோ அண்ணனோ இருந்திருந்தா அஞ்சு நிமிசம்தான்.

அதனால கேக்குறேன், மதுரை நத்தம் ரோட்டு கலைஞர் நூற்றாண்டு நூலகத்துல இந்த மாதிரி மொழிகளுக்கு நாலு புத்தகமும், ஞாயித்துக்கிழமை ஒரு மணிநேரம் உக்காந்து பேச ஒரு ரூமும் குடுத்தா திருமங்கலம், மேலூர் பிள்ளைகள்லாம் பஸ் ஏறி வந்துருவோம்ங்க.

இப்படிக்கு
ஒரு மாணவி, திருமங்கலம்