பலகையில் இன்னொரு பெயருக்கு இடம் இருக்கிறது

பெங்களூரின் பொது இடங்களில் கலைப்படைப்பு வைக்க அனுமதி தரும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். அலசூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருமுனையில், மூங்கிலும் பழைய புடவைகளுமாக நாங்கள் போட்ட பந்தலுக்கு அனுமதி தந்தீர்கள். நன்றி. குறை ஒன்றுதான்: நீங்கள் நட்ட தகரப் பலகையில் என் பெயர் மட்டும் இருக்கிறது.

விண்ணப்பத்தில் ‘கலைஞர் பெயர்’ என்று ஒரே கட்டம். இரண்டு பெயரையும் நெருக்கி எழுதிக் கொடுத்தேன். “ஒருத்தர் பேரு போதும். மேடம் ஹெல்பர்தானே?” என்று கேட்டபடியே உங்கள் அலுவலர் இரண்டாவது பெயரை அடித்துவிட்டார். அந்த மேடம்தான் வீடு வீடாகப் போய்ப் புடவை கேட்டு வாங்கியவர். காற்று பிடித்தால் பந்தலே தூக்கிக்கொண்டு போகும் என்று, துணியில் எங்கெங்கே கிழித்து வழிவிட வேண்டும் என்பதைச் சாக்பீஸால் குறித்தவரும் அவர்தான். மூங்கில் கட்டியது நான். சரி, யோசனை யாருடையது? எங்கள் இருவருக்குமே தெரியாது. டீக்கடையில் பேசப் பேச வந்தது. இரட்டை நாயனம் வாசிக்கக் கூப்பிட்டுவிட்டு ஒருவருக்கு மட்டும் வெற்றிலை பாக்கு வைப்பீர்களா?

கிறிஸ்டோ, ஜான்-க்ளோட் என்று ஒரு தம்பதி, பெரிய கட்டடங்களைத் துணியால் போர்த்தியவர்கள். இருவரும் சேர்ந்தே செய்தாலும் பல வருடம் வெளியே தெரிந்தது கணவர் கிறிஸ்டோவின் பெயர்தான். 1994-இல்தான் பழைய வெளிப்புறப் படைப்புகளையும் சேர்த்து இருவர் பெயரிலும் அறிவித்தார்கள். அடுத்த வருடம் பெர்லினில் ரைக்ஸ்டாக் என்ற நாடாளுமன்றக் கட்டடத்தைப் போர்த்தினார்கள். ஒரு லட்சம் சதுர மீட்டருக்கு மேல் துணி. 14 நாளில் சுமார் 50 லட்சம் பேர் பார்த்தார்கள். அனுமதிக்காக 20 வருடத்துக்கு மேல் அலைந்தவர்கள் அவர்கள். நாங்கள் உங்களிடம் அலைந்தது நான்கு மாதம்தான், அதைக் குறையாகச் சொல்லவில்லை.

(போர்த்தி வைப்பதில் நம் ஏரிக்கரையை யாரும் மிஞ்ச முடியாது. திருவள்ளுவர் சிலை இங்கே 18 வருடம் மூடியே நின்று, 2009-இல்தான் திறக்கப்பட்டது.)

விண்ணப்பத்தில் இன்னும் ஒரு வரி சேருங்கள். மூன்று பேர், ஐந்து பேர் சேர்ந்து செய்கிறவர்களும் வருவார்கள், அவர்களுக்கும் இடம் வேண்டும். அப்புறம் எங்கள் பலகை. பந்தலைப் பிரிக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பெயின்ட் செலவு எங்களுடையது. அளந்தும் பார்த்துவிட்டேன், என் பெயருக்குக் கீழே நான்கு விரற்கடை இடம் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
பலகையில் பெயர் உள்ளவன்