கரண்ட் வைக்கும் நிலை வருமுன்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் கதிர்வீச்சுப் பிரிவில், அதாவது ஊரில் "கரண்ட் வைப்பது" என்று சொல்லும் சிகிச்சை நடக்கும் இடத்தில், வேலை பார்க்கிறேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு வரும் பெண்களை மேஜையில் படுக்கவைத்து, இடுப்பில் போட்டிருக்கும் மைக்கோட்டின் மேல் லேசர் ஒளி சரியாக விழுகிறதா என்று பார்ப்பேன். "அசையாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவேன். மெஷின் ஓடுவது சில நிமிடம்தான். அதற்காக அவர்கள் விடியற்காலையில் பஸ் ஏறி வந்து, வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். வாரத்துக்கு 5 நாள், சுமார் 5 வாரம். பெரும்பாலானவர்களுக்கு வாரம் ஒரு கீமோவும் உண்டு. அப்புறம் கருவியை உள்ளே வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு. காப்பீட்டு அட்டை இருந்தால் சிகிச்சைச் செலவு இல்லை, சரி. போன கூலியை யார் தருவது?

கரண்ட் வைக்கப் பயந்து யாரும் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடக் கூடாது. பலர் குணமாகி வீடு திரும்புவதை நான் பார்க்கிறேன். ஆனாலும் முப்பதுகளில் இருக்கும் பெண்ணுக்கு அத்தோடு மாதவிலக்கு நின்றுபோகிறது, குழந்தை பெறும் வாய்ப்பு போய்விடுகிறது, சிலருக்குத் தாம்பத்தியம் வேதனையாகிவிடுகிறது. இதில் பெரும்பகுதியைத் தடுத்திருக்கலாம் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

வழி நம் ஊரிலேயே நிரூபிக்கப்பட்டது. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்சுகளே பரிசோதனை செய்தார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவிச் சற்று நேரம் பொறுத்தால், புற்றுநோயை நோக்கி மாறத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். தகுந்தவர்களுக்கு அப்போதே அந்த இடத்தை உறையவைத்து அழித்தார்கள். புதிதாக நோய் வருவது 25 சதவீதமும், இறப்பு 35 சதவீதமும் குறைந்ததாக 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது.

பரிசோதனை முகாம்கள் இப்போதும் நடக்கின்றன. வெள்ளை தெரிந்தவரிடம் சீட்டு எழுதிக் கொடுத்து "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றால், வலி எதுவும் இல்லாதவர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு ஏன் போவார்? ரத்தப்போக்கு வந்த பிறகுதான் வருவார், அதுவும் என் மேஜைக்கு. ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, அன்றைக்கே சிகிச்சை முடிய வழி செய்யுங்கள். கருவியும் பயிற்சி பெற்ற நர்சும் இருந்தால் போதும். உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் அறையும் வேண்டும்; திரைச்சீலை மறைப்பில் படுக்க நம் பெண்கள் சம்மதிக்க மாட்டார்கள்.

2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு, இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி அறிவிக்கப்பட்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஒரே தவணைகூடப் போதும் என்று 2022-இலேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளையும், செங்கல் சூளைகளில் பெற்றோரோடு இருக்கும் பிள்ளைகளையும் வீடு தேடிப் போய்ச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இன்று 35 வயதில் இருக்கும் அவர்களுடைய அம்மாக்களுக்கு இந்த ஊசி உதவாது. அவர்களுக்குப் பரிசோதனைதான்.

பரிசோதனை செய்துகொண்டவர்கள் எத்தனை லட்சம் என்பதோடு, வெள்ளை தெரிந்தவர்களில் எத்தனை பேருக்குச் சிகிச்சை முடிந்தது என்ற கணக்கையும் மாவட்டவாரியாக ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கதிர்வீச்சுப் பிரிவு ஊழியர் ஒருவர்