பால் பத்தவில்லை என்பதற்கு முன் நாக்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தாய்ப்பால் வாரத்தையொட்டி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தாய் என்ன சாப்பிட வேண்டும், எப்படி உட்கார வேண்டும் என்றெல்லாம் நன்றாக எழுதியிருந்தார்கள். பால் குடிக்கும் பிள்ளையின் வாயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

சில குழந்தைகளுக்கு நாக்கின் அடியிலுள்ள சவ்வு குட்டையாகவோ தடித்தோ இருக்கும். நாக்கு ஒட்டியிருக்கிறது என்போம். நம் வீடுகளில் இதைப் பேச்சு சம்பந்தப்பட்ட விஷயமாகவே நினைக்கிறார்கள். "பேச்சு வர்றப்ப பார்த்துக்கலாம்" என்று வசம்பை உரைத்துத் தடவுவார்கள். ஆனால் பிள்ளைக்கு முதல் நாளே நாக்கு வேண்டும், பால் குடிக்க.

குழந்தை நாக்கைக் கீழ் ஈறுக்கு மேல் நீட்டி, காம்போடு சேர்த்துக் கருவட்டத்தையும் ஏந்திக்கொள்ள வேண்டும். நாக்கு ஏறி இறங்கும்போதுதான் பால் இழுபடும். நீள முடியாத நாக்கு என்றால் ஈறு காம்பைக் கடிக்கும். டக் டக் என்று சத்தம் வரும், கடைவாயில் பால் வழியும், கொஞ்சம் குடித்ததுமே அசந்து தூங்கி, உடனே எழுந்து வீரிடும். மார்பு காலியாகாததால் பால் கட்டிக்கொள்ளும். அப்படியே விட்டால் சுரப்பும் குறைந்துவிடும்.

என் மகளுக்கு இதுதான் நடந்தது. தனியார் மருத்துவமனையில் பிரசவம். காம்பு வெடித்து ரத்தம் வந்தது. பணியிலிருந்த செவிலியர் பார்த்துவிட்டு, "பால் பத்தலை, பவுடர் பால் கொடுங்க" என்றார். சம்பந்தி அம்மா பால்சுறாவும் பூண்டும் வாங்கிவந்தார். பாவம், அவளுக்கோ ரவிக்கை நனையும் அளவுக்குப் பால் இருந்தது. பேரன் அழுதபோது வாயைப் பார்த்தேன். நாக்கின் நுனி நடுவில் உள்ளே இழுபட்டு இரண்டாகப் பிளந்தது போலத் தெரிந்தது. அப்புறம் அரசு மருத்துவமனையில், ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, கத்திரியால் அந்தச் சவ்வை வெட்டிவிட்டார்கள். சில நொடி வேலை. உடனே மார்பில் போடச் சொன்னார்கள். வலி அன்றே குறைந்தது. ஆனால் வெடிப்பு ஆறவும் சுரப்பு பழையபடி வரவும் நாளானது. அதுவரை பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுத்தோம்.

இதைப் படித்துவிட்டு எல்லாப் பிள்ளைக்கும் நாக்கை வெட்டச் சொல்லிவிடாதீர்கள். சவ்வு குட்டையாக இருந்தும் நன்றாகக் குடிக்கும் குழந்தைகள் நிறைய. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கமும் 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், தேவையில்லாமல் வெட்டுவதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. முதலில் பிள்ளையை அணைத்துப் பிடிக்கும் விதத்தைச் சரிசெய்து பார்க்க வேண்டும். வலியும் எடைக்குறைவும் அப்படியும் தொடர்ந்தால்தான் வெட்டுவது. வீட்டில் நகத்தாலோ பிளேடாலோ யாரும் தொடவே கூடாது.

நான் கேட்பது பெரிய செலவில்லாத காரியம். பிறவிக் குறைகளைக் கண்டறிய 2013-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் பட்டியலில் பிளவுபட்ட உதடும் அண்ணமும் இருக்கின்றன, நாக்கு ஒட்டு இல்லை. அண்ணத்தைப் பார்க்கும்போதே நாக்கின் அடியிலும் விரலை ஓட்டிப் பார்க்கலாமே. வீட்டுக்கு அனுப்புமுன் ஒரு செவிலியர் ஒரு வேளைப் பாலூட்டலை முழுவதும் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பாவிட்டாலோ, பவுடர் டப்பாவைக் கையில் கொடுக்குமுன் வாயைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, இந்தச் சவ்வை வெட்டுவது எந்தப் பிரிவு என்பதைப் பிரசவ வார்டிலேயே எழுதி ஒட்டுங்கள். எங்களைக் குழந்தைகள் பிரிவு, பல் பிரிவு, காது மூக்கு தொண்டைப் பிரிவு என்று பச்சை உடம்புக்காரியோடு அலையவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
நாகப்பட்டினம் மாவட்டம்