மூச்சடக்கிப் பார்ப்பது சோதனை ஆகாது

ஆசிரியருக்கு,

பத்துச் செக்கன் மூச்சை அடக்க முடிந்தால் நெஞ்சில் பிழையில்லை என்று 2020இல் கொரோனாவோடு பரவிய செய்தியை இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அம்பாறை, மட்டக்களப்புப் பக்கம் மில் தூசிக்குள் வேலை செய்பவர்களுக்கும் விறகடுப்பில் சமைக்கும் பெண்களுக்கும் இந்த நம்பிக்கை ஆபத்தானது. மூச்சடக்கும் நேரத்தை இரத்தத்தில் ஏறும் காபனீரொட்சைட்டும் பழக்கமும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. மூச்சுக்குழாய் ஒடுங்கத் தொடங்கியவரும் பத்துச் செக்கன் அடக்கிவிடுவார்.

வளர்ந்த ஆணின் நுரையீரல் ஏறத்தாழ 6 லீற்றர் கொள்ளும். பெண்ணுக்கு 4 லீற்றரைச் சற்றுத் தாண்டும். சும்மா இருக்கையில் ஒரு மூச்சில் போய்வருவது அரை லீற்றர்தான். எவ்வளவு முக்கி ஊதினாலும் ஒரு லீற்றருக்கு மேல் உள்ளே தங்கியே இருக்கும். தொய்விலும் (ஆஸ்துமா) புகையால் வரும் நாட்பட்ட நுரையீரல் நோயிலும் கூடிப்போவது இந்த மீதிக் காற்று. "மூச்சு உள்ளுக்குப் போகுதில்ல" என்பார் நோயாளி. பழைய காற்று வெளியேறாததால் புதியதற்கு இடமில்லை என்பதே நிலைமை. உதட்டைக் குவித்து, உள்ளே இழுத்ததைவிட இரு மடங்கு நேரம் மெதுவாக ஊதச் சொல்வது இதற்காகத்தான்.

ஆகவே பார்க்க வேண்டியது காற்று எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பது. ஸ்பைரோமீற்றரில், அதாவது ஊதும் காற்றை அளக்கும் கருவியில், ஊதும் மொத்தக் காற்றில் முதல் செக்கனில் வருவது, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துப் பம்ப் அடித்து 15 நிமிடம் கழித்தும் 70 வீதத்துக்குக் குறைந்தால் குழாய்கள் நிரந்தரமாக ஒடுங்கியிருக்கலாம். மொத்தமே குறைந்து வீதம் சரியாக இருந்தால் பிரச்சினை வேறு. பழைய காசநோய்த் தழும்பாகவும் இருக்கலாம்.

கருவி நல்லதானாலும் ஊதுவது பிழைத்தால் முடிவுத் தாள் பொய் சொல்லும். நிமிர்ந்து இருந்து, மூக்குக் கிளிப் போட்டு, நெஞ்சு நிறைய இழுத்து, உதட்டால் கருவியின் ஊதுகுழாயை இறுக மூடி, இழுத்த கையோடு ஒரே வெடிப்பாக ஊத வேண்டும். பிறகு காற்று தீரும்வரை, வளர்ந்தவர் குறைந்தது 6 செக்கனாவது, நிறுத்தாமல் ஊத வேண்டும். அரைகுறையாக இழுப்பது, நாக்கு ஊதுகுழாயை அடைப்பது, நடுவில் இருமுவது, மூன்று செக்கனில் விட்டுவிடுவது எல்லாம் அடிக்கடி நடப்பவை. முந்தியே நிறுத்திவிட்டால் மொத்தம் குறைந்து வீதம் கூடிக் காட்டும், நோய் மறைந்துபோகும். மூன்று நல்ல ஊதல்கள் வேண்டும்; சிறந்த இரண்டும் 150 மில்லிலீற்றருக்குள் ஒத்துவர வேண்டும். சோதனைக்கு முந்திய ஒரு மணி நேரம் புகைக்கக் கூடாது. எந்த பம்பை எப்போது நிறுத்துவது என்பதை வைத்தியரிடம் கேட்க வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது. அண்மையில் மாரடைப்போ கண் சத்திரசிகிச்சையோ நடந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மில் முதலாளிமாரிடம் ஒரு வேண்டுகோள். ஆளை வேலைக்கு எடுக்கும்போதே ஒரு தடவை ஊதவைத்து அந்தத் தாளை அவரிடமே கொடுங்கள். முதல் செக்கன் அளவு வயதோடு ஆண்டுக்கு 25–30 மில்லிலீற்றர் தானாகவே குறையும். அதைவிட வேகமாக இறங்குகிறதா என்று காட்ட அவருடைய பழைய தாளே வேண்டும்.

இயன்மருத்துவர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.